மேசை தாண்டும் பந்தும் சாஃப்ட் ரப்பரும்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. டேபிள் டென்னிஸில் ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் இரண்டிலும் டாப்ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழலவிட்டு அடிப்பது) பழக ஆரம்பித்திருக்கிறாள். “சாஃப்டான, கன்ட்ரோல் உள்ள ரப்பராக ஒட்டிக் கொடுங்கள்” என்றார் பயிற்சியாளர். கடையில் இருந்ததிலேயே சாஃப்டானதைக் கேட்டு வாங்கினோம், மேக்ஸ் தடிமனில், அதாவது இருப்பதிலேயே தடித்த ஸ்பாஞ்சில். இப்போது எதிராளி அடிக்கும் பந்துக்கு மட்டையைச் சும்மா காட்டினாலே பந்து மேசையைத் தாண்டிப் போகிறது. பழைய ரெடிமேடு மட்டையே தேவலை என்கிறாள். எங்கே தவறு?

- ஒரு வாசகி

பதில்: உங்கள் மகளின் கையில் தவறில்லை அம்மா. மென்மையான ரப்பர் என்றாலே அடக்கமானது என்று பலரும் நினைக்கிறார்கள். இன்று கடைகளில் கிடைக்கும் சாஃப்ட் ரப்பர்களில் பாதிக்கு மேல் துள்ளல் அதிகமுள்ள டென்சர் வகை என்பதுதான் என் அனுபவம். உறையை எடுத்துப் பாருங்கள், அந்தச் சொல் இருக்கக்கூடும்.

முன்பெல்லாம் பெரிய ஆட்டக்காரர்கள் ஆட்டத்துக்கு முன் ஸ்பீடு க்ளூ என்ற பசையைப் பூசி, ரப்பரின் அடியில் இருக்கும் ஸ்பாஞ்சை உப்ப வைப்பார்கள். மேல் ஷீட் இழுபட்டு நிற்கும், பந்து சீறிக்கொண்டு போகும். உடல்நலக் கேடு காரணமாக 2008இல் அந்தப் பசைகள் தடைசெய்யப்பட்டன. அதே விளைவைத் தொழிற்சாலையிலேயே ரப்பருக்குள் கொடுத்துவிடுவதுதான் டென்சர். மெல்லத் தொட்டாலும் பந்தை உதைத்துத் தள்ளும். உங்கள் மகள் பிளாக் செய்யும்போது, அதாவது வரும் பந்துக்கு மட்டையைச் சும்மா காட்டும்போது, நடப்பது இதுதான்: அவள் கை எந்த வேகமும் கொடுக்கவில்லை, ஸ்பாஞ்ச் கொடுத்துவிடுகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. அதே சாஃப்ட் ஸ்பாஞ்ச், ஓங்கி அடிக்கும்போது முழுதாக அமுங்கிப்போகும். பந்து ஏறக்குறைய கட்டையிலேயே இடிக்கும், சுழற்சி ஏறாது. ஆக மெல்லத் தொட்டால் கேட்டதைவிட அதிகம், ஓங்கி அடித்தால் கேட்டதைவிடக் குறைவு. பழகும் கைக்கு இது பெரிய குழப்பம். எவ்வளவு அடித்தேனோ அவ்வளவுதான் போயிற்று என்று ஒவ்வொரு பந்திலும் தெரிந்தால்தான் கை கற்றுக்கொள்ளும். நான் கட்டுப்பாடு என்று சொல்வது அதைத்தான். உறையின் பின்னால் அச்சடித்திருக்கும் ‘கன்ட்ரோல்’ எண்ணை நம்ப வேண்டாம். ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவுகோலில் போடுவது அது.

முதலில் தடிமனைக் குறையுங்கள். மேக்ஸ் வேண்டாம், 1.8 மி.மீ. ஸ்பாஞ்ச் போதும். ஸ்பாஞ்ச் மெலியும்போது உதைக்கும் துள்ளல் குறைந்து, கட்டையின் உணர்வு கைக்கு வரும். அதற்காக 1.5க்கும் கீழே இறங்கிவிட்டால், டாப்ஸ்பின் பழகுகிற பெண்ணுக்குப் பந்து ரப்பருக்குள் அமிழ்ந்து சுழல இடம் இருக்காது.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் இன்றும் சொல்வது பட்டர்ஃபிளை ஸ்ரைவர் அல்லது யசாகா மார்க் ஃபைவ். இரண்டும் 1960களில் வந்தவை. டென்சர் துள்ளல் இல்லாதவை, நல்ல பிடிமானம் உள்ளவை. இன்னும் மென்மை வேண்டுமென்றால் ஸ்ரைவர் எஃப்எக்ஸ். பழசு என்று யாராவது முகம் சுளித்தால் கண்டுகொள்ளாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே ரப்பர், ஒரே தடிமன் இருக்கட்டும். அப்போதுதான் பேக்ஹேண்டில் பந்து போகாதபோது குறை வீச்சில் இருக்கிறது என்று பயிற்சியாளரால் சொல்ல முடியும். எக்ஸியோம் வேகா யூரோப், யசாகா ரக்சா 7 சாஃப்ட் போன்றவை நல்ல ரப்பர்கள்தான். வேகமான பந்தை மட்டையில் வாங்கி அடக்கப் பழகிய பிறகு அவற்றுக்குப் போகலாம்.

பிளேடு, அதாவது ரப்பர் ஒட்டும் கட்டை, என்ன என்று நீங்கள் எழுதவில்லை. அது கார்பன் இழை சேர்த்தது என்றால் எந்த ரப்பர் ஒட்டியும் பெரிய பலன் இராது. ஐந்து அடுக்கு மரம் மட்டுமே உள்ள ஆல்ரவுண்டு பிளேடு அவளுக்குச் சரி.

வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் மட்டை கிடைத்தால் ஒரு சோதனை. எதிரே சுழற்சியுள்ள ஷார்ட் சர்வ் (வலைக்கு அருகே விழுவது) போடச் சொல்லி, அவள் புஷ் செய்யட்டும், அதாவது பந்தின் அடியை வருடி மெல்லத் தள்ளட்டும். பந்து எதிர்ப்பக்க மேசையில் இரண்டு முறை குதிக்கும்படி அவளால் அடிக்கடி வைக்க முடிந்தால் அந்த மட்டை அவளுக்கு ஆகும். ஓங்கி அடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதில் எல்லா ரப்பரும் நன்றாகத்தான் தெரியும்.

கேள்வி: சீன வீரர் மா லாங் ஃபோர்ஹேண்டில் டிஎச்எஸ் ஹரிக்கேன் 3 ரப்பர் வைத்து ஆடினார். என் மகனும் அதையே கேட்கிறான். ஸ்பாஞ்சின் கடினம் 39 டிகிரி என்று போட்டிருக்கிறது. ஜெர்மன் ரப்பர்களில் 42 என்று இருக்கிறதே, அப்படியானால் இது சாஃப்ட்தானே?

பதில்: இல்லை. சீன அளவுகோல் வேறு, ஜெர்மன் அளவுகோல் வேறு. சீன 39 கையில் எடுத்தால் அந்த 42ஐவிட நன்றாகவே கடினமாக இருக்கும். ஹரிக்கேனின் ஒட்டும் தன்மையால் சர்வும் புஷ்ஷும் அழகாக வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் காலையும் இடுப்பையும் சேர்த்துச் சுழற்றி அடிக்கிற உடம்பு வேண்டும் அதற்கு. கையால் மட்டும் அடிக்கிற பையனுக்குப் பந்து வலையில்தான் விழும். வீச்சு உடம்பிலிருந்து வருகிறது என்று பயிற்சியாளர் சொல்லும் வரை காத்திருக்கட்டும்.

கேள்வி: சாஃப்ட் ரப்பரை வேறு பிளேடுக்கு மாற்றும்போது ஸ்பாஞ்ச் கிழிந்துவிட்டது. எப்படிக் கழற்றுவது?

பதில்: மென்மையான ஸ்பாஞ்சுக்கு அந்த ஆபத்து எப்போதும் உண்டு. கைப்பிடி ஓரத்தின் ஒரு மூலையிலிருந்து குறுக்காக, ரப்பரை பிளேடோடு ஒட்டினாற்போல் படுக்கவைத்து மெல்ல உரியுங்கள். செங்குத்தாக மேலே இழுக்கக் கூடாது. ஸ்பாஞ்சில் தங்கிய பழைய பசையை விரலால் உருட்டி எடுங்கள், நகம் படாமல்.