கேள்வியும் பதிலும்: ஆய்விதழுக்கு ஒரு தரவு மாதிரி

கேள்வி (உவர்மலை வாசகர்): திருகோணமலை மாவட்டத்தின் வரலாறு, தொல்லியல், கடல்வளம் பற்றிய கட்டுரைகளை வெளியிடும் அரையாண்டு ஆய்விதழ் ஒன்றை நாங்கள் சிலர் நடத்தி வருகிறோம். பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றுவதற்காகத் தலைப்பு, ஆசிரியர் 1, ஆசிரியர் 2, ஆசிரியர் 3, நிறுவனம், பக்கம், ஆண்டு என்ற நிரல்களுடன் எக்செல் அட்டவணை ஒன்றைத் தயாரித்தோம். மென்பொருள் செய்துதர முன்வந்த இளைஞரோ, முதலில் தரவு மாதிரியைத் தாருங்கள் என்கிறார். இந்த அட்டவணை போதாதா?

பதில்: போதாது. தரவு மாதிரி என்பது தரவின் ஒரு துண்டு அன்று; எவற்றைப் பற்றிய தரவை வைக்கிறோம், அவை ஒன்றோடொன்று எப்படித் தொடர்புபடுகின்றன, எந்த விதிகளுக்கு அடங்க வேண்டும் என்பதன் வரைவு. உங்கள் அட்டவணை அதுவாகாது. ஆனால் அதை வீசிவிட வேண்டாம். எங்கே போதாமற் போகிறது என்பதை அதுவே காட்டித்தரும். நால்வர் சேர்ந்து எழுதிய கட்டுரை வந்தால் நான்காமவரை எங்கே எழுதுவீர்கள்? மூவரும் மூன்று இடங்களில் பணியாற்றினால் ‘நிறுவனம்’ என்ற ஒற்றை நிரலில் யாருடையதை இடுவீர்கள்? ஆட்களுக்குத் தனிப் பட்டியல் வைத்து, அதில் ஒவ்வொருவருக்கும் நேராக நிறுவனத்தை எழுதிவிட்டால் தீராதா என்று கேட்கத் தோன்றும். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் விரிவுரையாளராக இருந்தபோது கட்டுரை எழுதிய ஒருவர் பின்னர் யாழ்ப்பாணத்துக்கு மாறிச் சென்று, நீங்களும் பட்டியலைத் திருத்தினால், அவருடைய பழைய கட்டுரையும் அவருடன் யாழ்ப்பாணம் போய்விடும். நிறுவனம் என்பது ஆளின் பண்பும் அன்று, கட்டுரையின் பண்பும் அன்று. இன்னார் இக்கட்டுரைக்குப் பங்களித்தார் என்ற தொடர்பின் பண்பு. ஆகவே ஆள், கட்டுரை, நிறுவனம் ஆகிய மூன்றுக்கும் நடுவே ‘பங்களிப்பு’ என்ற நான்காவது உருப்பொருள் (தனியாகப் பதிவு வைக்கப்படும் ஒன்று) வேண்டும். பெயர் வரிசை, அச்சில் வந்தவாறான பெயர் வடிவம், செய்த வேலை ஆகியவையும் அதிலேயே தங்கும். செய்த வேலையைக் குறிப்பதற்கு, 14 பங்குகளை வரையறுக்கும் ‘கிரெடிட்’ என்ற வகைப்பாடு 2022 இல், அமெரிக்காவின் தகவல் தர அமைப்பான நைசோவின் தரமாகவே வந்துவிட்டது.

தமிழில் மாதிரி எழுதுவோருக்கு இன்னோர் இடறலும் உண்டு. ‘ஆசிரியர்’ என்ற சொல் எழுதியவரையும், இதழைப் பதிப்பித்தவரையும், பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவரையும் சேர்த்தே குறிக்கும். பேச்சில் அது இடைஞ்சல் இல்லை. தரவில் அது விபத்து. கட்டுரையாளர், பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர் என்று முதல் நாளிலேயே பிரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரி வரைவிலக்கணம் எழுதி வையுங்கள்.

அடுத்து, கட்டுரை என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். நூலகச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 1998 இல் வெளியிட்ட எஃப்ஆர்பிஆர் மாதிரி இதை நான்கு படிநிலைகளாகப் பிரித்தது. பிரெட்ரிக் கோட்டை வாயிலிலுள்ள கல்வெட்டைப் பற்றிய ஆய்வு ஒரு படைப்பு. அதன் தமிழ் வடிவமும் ஆங்கில வடிவமும் இரு வெளிப்பாடுகள். அச்சும் பிடிஎஃப் கோப்பும் வெளியீட்டு உருக்கள். உங்கள் அலுமாரியில் இருப்பது ஒரு படி. சிறிய இதழுக்கு இந்த நான்கும் அதிகம் என்பதே என் எண்ணம்; படைப்பு, அதன் பதிப்பு என்ற இரண்டு போதும். ஆனால் திருத்த அறிவிப்பையும் மீளப்பெறும் அறிவிப்பையும் தனி உருப்பொருள்களாக்கி, அவற்றுக்குத் தனி டிஓஐ (இணையத்தில் மாறாமல் நிற்கும் அடையாளக் குறி) கொடுத்து, மூலக்கட்டுரையுடன் தொடுப்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால், பழைய வரியை மேற்கோள் காட்டியவர் பொய்யராகிவிடுவார்.

‘முறையான’ மாதிரி என்று அந்த இளைஞர் கேட்பதன் பொருள், பிழையான தரவை இயந்திரமே மறுக்கக்கூடிய மாதிரி என்பதாகும். ஒரு கட்டுரைக்குக் குறைந்தது ஒரு தலைப்பு இருக்க வேண்டும், ஒவ்வொரு தலைப்புக்கும் மொழிக்குறியீடு இருக்க வேண்டும் என்பன போன்ற அமைப்பு விதிகளை எக்ஸ்எம்எல் கோப்பின் (உரையின் ஒவ்வொரு பகுதியையும் பெயர்க்குறியிட்டுக் காட்டும் கோப்பின்) அமைப்பை வரையறுக்கும் டிடிடி, ரிலாக்ஸ் என்ஜி போன்ற திட்டவரை மொழிகளில் எழுதலாம். ஏற்றுக்கொண்ட திகதி கிடைத்த திகதிக்கு முந்தியதாக இருத்தலாகாது என்ற விதியை டிடிடியில் எழுத முடியாது. அதற்கு, இத்தகைய நிபந்தனைகளைச் சோதிக்கும் ஸ்கிமாட்ரான் என்ற விதிமொழி உதவும். விதி எழுதும்போது கைக்கு வந்த உதாரணங்களை மட்டும் பார்த்து இறுக்கிவிடாதீர்கள். ‘ஒவ்வொரு கட்டுரையும் ஓர் இதழுக்குள் இருக்க வேண்டும்’ என்பது உறுதியானதாகத் தோன்றும்; இதழ் தொகுக்கப்படுமுன் இணையத்தில் வெளியாகும் முதற் கட்டுரையே அதை உடைத்துவிடும்.

இவ்வளவையும் புதிதாக உருவாக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 2003 இல் வெளியிட்ட குறித்தொகுதியிலிருந்து வளர்ந்து, 2012 இல் நைசோ தரமான ஜாட்ஸ் என்ற எக்ஸ்எம்எல் வடிவம் ஆய்விதழ்களுக்கென்றே அமைந்தது. அதில் ஆவணக்காப்பு, வெளியீடு, எழுத்தாக்கம் என்ற மூன்று தொகுதிகள் உள்ளன. முதலாவது மிகத் தளர்ந்தது, கடைசி மிக இறுகியது. உங்களுக்கு நடுவிலுள்ளதே பொருந்தும். தரவை எந்தத் தரவுத்தளத்தில் வைத்தாலும் ஜாட்ஸாக வெளியே எடுக்கக்கூடியதாக இருக்கட்டும்.

கேள்வி (கிண்ணியா வாசகர்): வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றின் படிவம் என்னிடம் குடும்பப் பெயர் கேட்டது. நான் தந்தையின் பெயரை எழுதினேன். இப்போது என் கட்டுரை தந்தையின் பெயரில் மேற்கோள் காட்டப்படுகிறது. குறை படிவத்திலா, என்னிலா?

பதில்: படிவத்துக்குப் பின்னாலுள்ள மாதிரியில். எல்லா மனிதருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்ற அனுமானத்தை அது கட்டாய விதியாக்கியிருக்கிறது. ஜாட்ஸில் பெயரமைப்பு முறையைக் குறிக்கும் பண்பொன்று உண்டு: மேலை முறை, கீழை முறை, ஐஸ்லாந்து முறை, சொந்தப் பெயர் மட்டும். நம்மவருக்குக் கடைசியானதே பெரும்பாலும் நெருங்கி வரும். தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக இரு வடிவங்களைச் சேர்த்து வைக்கவும் அதில் இடம் உண்டு. பெயரைப் பிரித்தே ஆக வேண்டும் என்று மாதிரி வற்புறுத்தலாகாது என்பது என் உறுதியான கருத்து. இப்போதைக்கு, 2012 முதல் வழங்கப்படும் ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளங்காட்டும் 16 இலக்க ஓர்கிட் எண்ணைப் பெற்று, எல்லாக் கட்டுரைகளையும் அதனுடன் இணைத்துவிடுங்கள்.

கேள்வி (தம்பலகாமம் வாசகர்): எங்கள் பழைய கட்டுரைகள் யாவும் பாமினி எழுத்துருவில் உள்ளன. அப்படியே எக்ஸ்எம்எல் ஆக்கலாமா?

பதில்: ஆக்கவே வேண்டாம். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைக் காட்டும் பழைய எழுத்துரு. பாமினியில் ‘அம்மா’ என்ற சொல், கணினியைப் பொறுத்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள் மட்டுமே; அதற்குத் தமிழென்று மொழிக்குறியீடு இட்டாலும் அது தமிழாகாது. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அதன் பின்னும் ஒரு வேலை இருக்கிறது. ‘கோணேசர்’ என்பதிலுள்ள ‘கோ’வை, ககரத்துடன் ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம், ஏகாரக் குறியையும் ‘கால்’ எனப்படும் ஆகாரக் குறியையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சீராக்காத தேடலுக்கு இரண்டும் வேறு. எனவே இரண்டையும் ஒரே குறியாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு சீர்வடிவத்தைச் சேமிப்பு விதியாக்கிவிடுங்கள். ஆனால் கட்டுரையாளர் ‘திருக்கோணமலை’ என்று எழுதியிருந்தால் அதைத் ‘திருகோணமலை’ என்று திருத்த வேண்டாம். உரையில் அவர் எழுதியது நிற்கட்டும். இரண்டும் ஒரே ஊர் என்பதை ஊருக்கான அடையாள எண் சொல்லட்டும்.