பதினாலாயிரம் சம்பளமா, ஏழாயிரத்துக்கு அப்ரண்டிஸா?

கேள்வி: என் மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்திருக்கிறான். ஒரு தொழிற்சாலையில் ஓராண்டு அப்ரண்டிஸ் கிடைக்கிறது, மாதம் 7,000 ரூபாய்தான். கப்பலூரில் ஒரு குடோனுக்கு கான்ட்ராக்ட்காரர் 14,000 தருகிறேன் என்கிறார். எங்களுக்கு மகளிர் குழுக் கடன் இருக்கிறது. அப்ரண்டிஸ் முடித்தால் அங்கேயே வேலை நிச்சயமா? எதற்கு அனுப்புவது?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: நிச்சயம் இல்லை அம்மா. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் பயிற்சி கொடுக்கச் சொல்கிறதே தவிர, முடித்தவரை வேலைக்கு வைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. "பெர்மனென்ட் பண்ணிடுவோம்" என்று யாராவது வாயால் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்படியும் நான் அப்ரண்டிஸுக்குத்தான் அனுப்பச் சொல்வேன். குடோனில் அவன் பெட்டி தூக்குவான். ஒரு வருஷம் கழித்து, ஐ.டி.ஐ.யில் அரம் பிடித்துப் பழகிய கை அந்தப் பழக்கத்தை விட்டிருக்கும். நான் நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேனாக இருந்தவன். ஆள் எடுக்கும்போது மார்க் ஷீட்டைப் புரட்ட மாட்டேன். சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் ஒன்றைக் கையில் கொடுத்து, "தண்டில் எப்படி ஏற்றுவாய்?" என்று கேட்பேன். உள்வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் அடி குண்டுகள் வழியாக இறங்கி, புது பேரிங்கே கெட்டுவிடும். புத்தகத்திலும் இது இருக்கிறது. ஆனாலும் மெஷின் நின்று, சூப்பர்வைசர் பின்னால் நின்று கத்தும்போது அதைச் சரியாகச் செய்தவன் சொல்லும் பதிலே தனி. அந்தப் பதில் ஷாப் ஃப்ளோரில் நின்றால்தான் வரும்.

ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. 'டிரெய்னி' என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு, வருஷம் முழுக்க பேக்கிங்கில் நிறுத்தும் இடங்களும் உண்டு. அதனால் சேரும் முன்பே கேளுங்கள்: மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் ஒப்பந்தம் பதிவாகுமா? அதில் ஃபிட்டர் என்றே இருக்குமா? முடிவில் தேர்வு எழுதி தேசியத் தொழில் பழகுநர் சான்றிதழ் வாங்க முடியுமா? இதற்கெல்லாம் மழுப்பினால் அந்தப் பக்கமே போக வேண்டாம். ரயில்வேயின் கடைநிலை வேலைகளில் 20 சதவீதம், ரயில்வே பணிமனைகளிலேயே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனைக்கு விண்ணப்பம் கேட்கும்போது அதையும் போட்டு வையுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். 2019-இல் திருத்திய விதிகளில் ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தபட்சம் 7,000 என்று வைத்தார்கள். அது குறைந்தபட்சம்தான், கூடுதலாகத் தரும் இடங்களும் இருக்கின்றன. கேன்டீனும் கம்பெனி பஸ்ஸும் உண்டா என்று விசாரியுங்கள். இரண்டும் இருந்தால் அந்த ஏழாயிரம் பெரும்பாலும் வீட்டுக்கே வந்துவிடும். அப்ரண்டிஸ் தொழிலாளி இல்லை, பயிற்சியாளர். அதனால் பி.எஃப். கிடையாது. ஆனால் வேலையில் காயம் பட்டால் இழப்பீடு உண்டு. அனுமதி இல்லாமல் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பார்க்கச் சொல்லவும் கூடாது. கான்ட்ராக்ட்காரர் சொல்லும் 14,000 பிடித்தம் போகக் கைக்கு வருவதா, அதற்கு முன்பா என்றும் கேட்டீர்களா? ஓ.டி.யையும் சேர்த்துத்தான் பெரும்பாலும் அந்தக் கணக்கைச் சொல்வார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், மகன் சம்பளம் இல்லாமல் தவணையே கட்ட முடியாது என்ற நிலை என்றால் என் பேச்சை ஒதுக்கி வையுங்கள். கடன்காரர் வாசலில் நிற்கும்போது பேரிங் கதை சோறு போடாது. தவணையைச் சமாளிக்க முடியும், கை மட்டும் இறுகும் என்றால் இந்த ஒரு வருஷத்தை விடாதீர்கள்.

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த எனக்கும் இதே தளம்தானா?
– உசிலம்பட்டி வாசகர்

பதில்: இல்லை தம்பி. டிப்ளமோ, டிகிரிக்காரர்களுக்கு 'நாட்ஸ்' என்று தனித் தளம். தென் மாநிலங்களுக்கு அதைப் பார்ப்பது சென்னை தரமணியில் உள்ள தொழில் பழகுநர் பயிற்சி வாரியம். அதே 2019 விதிகளில் டிப்ளமோவுக்குக் குறைந்தபட்சம் 8,000 ரூபாய் என்று வைத்தார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகம் மதுரைக்கும் இதன் வழியாகவே ஆள் கேட்கும். இன்றே பதிவு செய்துவிடுங்கள், அறிவிப்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் சர்வர் படுத்துக்கொள்ளும்.