மீன்கள் நன்றாக இருக்கும்போது சாஃப்ட் கோரல் மட்டும் ஏன் சாகிறது?

உங்கள் கடல் மீன் டேங்கில் நத்தைகள் உயிரோடு இருக்கின்றனவா? இறால் இருக்கிறதா? அம்மோனியா பூஜ்யம், நைட்ரேட் 5, அதாவது தண்ணீர் சுத்தம், மீன்கள் நன்றாகச் சாப்பிடுகின்றன, ஆனால் மூன்று வாரத்தில் நான்கு சாஃப்ட் கோரல் (கல்லாக இறுகாத மென்பவளம்) சுருங்கிச் செத்துவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். நத்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. போன வருடம் நானும் அதைத்தான் கவனிக்கத் தவறினேன். அதனால் பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

என்னுடையது 4 அடி டேங்க், 250 லிட்டர். பெங்களூர் அல்சூரில் ஐந்து வருடம் இருந்தது. டோட்ஸ்டூல் லெதர், கென்யா ட்ரீ, ஒரு கல் முழுக்க ஜெனியா, எல்லாம் சாஃப்ட் கோரல்தான். பிறகு வீட்டுக்காரர் மகனுக்கு வேண்டும் என்று காலி செய்யச் சொன்னார். 10 மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கியவர், திருப்பித் தரும்போது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்தார், தரையில் உப்புக் கறை என்று மேலும் 8,000 ரூபாய். ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட வாடகை தாமதமானதில்லை. இந்த ஊரில் வாடகைக்கு இருக்கும் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும், ஆனாலும் இன்றுவரை மனசு ஆறவில்லை.

ராமமூர்த்தி நகருக்கு வந்தோம். அங்கே போர் தண்ணீர், கூடவே டேங்கர். அதனால் ஆர்ஓ மெஷினை யூட்டிலிட்டியில், அதாவது துணி துவைக்கும் இடத்தில் மாட்டி, பக்கத்தில் ஒரு வெள்ளை டிரம் வைத்து, நிரம்பினால் தானாக நிற்க பிளம்பரிடம் ஒரு ஃப்ளோட் வால்வு போடச் சொன்னேன். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு அந்த டிரம்மிலிருந்துதான் தினமும் ஊற்றுவேன்.

இரண்டாவது மாதம் ஜெனியாவின் துடிப்பு நின்றது. பார்த்தவர்களுக்குத் தெரியும், கை விரல்களை மூடித் திறப்பதுபோல் இரவும் பகலும் அடித்துக்கொண்டே இருக்கும். முதலில் மெதுவானது, பிறகு பாதி மூடியபடி நின்றது, ஒரு வாரத்தில் சளிபோல் கரைந்து கல்லை விட்டு வழுக்கியது. அடுத்து கென்யா ட்ரீ. லெதர் சுருங்கியபோது தோல் உரிக்கிறது என்று நினைத்துக் காத்திருந்தேன். லெதர் சில நாள் மூடிக்கிடந்து, மெழுகு மாதிரி ஒரு படலத்தை உதிர்த்துவிட்டுத் திரும்ப விரியும், அது நோயல்ல. என்னுடையது இரண்டு வாரத்துக்கு மேலாகியும் விரியவில்லை, அடிப்பகுதி கறுத்து நாறத் தொடங்கியது.

கேட்ட இடமெல்லாம் லைட்டை மாற்று என்றார்கள். சிவாஜிநகர் பக்கம் ஒரு கடையில் இரண்டு பாட்டில் மருந்தைக் கையில் கொடுத்தார்கள், ஒரு கேள்வி கேட்கவில்லை. செம்பு டெஸ்ட் கிட்கூட வாங்கிப் பார்த்தேன், பூஜ்யம் காட்டியது.

தூத்துக்குடியிலிருந்து அம்மா வந்திருந்தார். யூட்டிலிட்டியில் துணி காயப்போடும்போது டிரம்முக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "ஏய்யா, இது பித்தளல்லா? உள்ள களிம்பு வழிஞ்சிருக்கு பாரு. ஈயம் போன பாத்திரத்துல புளித் தண்ணி நின்னா இப்படித்தான் இருக்கும்."

வால்வின் கழுத்திலிருந்து வெள்ளைச் சுவரில் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சைக் கோடு இறங்கியிருந்தது.

பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. புளி மட்டுமல்ல, உப்பெல்லாம் நீக்கிய ஆர்ஓ தண்ணீரும் உலோகத்தை அரிக்கும். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை நான் மெஷின் வாயில்தான் வைத்து அளந்தேன், டிரம்மில் அல்ல. அங்கே அளந்திருந்தாலும் இவ்வளவு குறைந்த செம்பு அதில் தெரியாது. தினமும் 4 லிட்டர் ஊற்றினால் மூன்று மாதத்தில் 360 லிட்டர். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், செம்பு உள்ளேயே தங்கிவிடும். 250 லிட்டர் டேங்கில் 360 லிட்டர் தண்ணீரின் செம்பு. மீன் தாங்கும் அளவை நத்தை, இறால், கோரல் தாங்காது. யோசித்துப் பார்த்தால், கோரலுக்கு முன்பே என் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்து கிடந்தன. வயசாகிவிட்டது என்று எடுத்துப் போட்டேன்.

வால்வைப் பிளாஸ்டிக்கில் மாற்றினேன். டிரம்மையும் மாற்றினேன். மூன்று நாளைக்கு ஒருமுறை 20 சதவீதம் தண்ணீர் மாற்றி, செம்பை உறிஞ்சும் பாலி ஃபில்டர் துண்டு ஒன்றைப் போட்டேன். செம்பைப் பிடித்தால் அது நீலமாகும், வெள்ளைத் துண்டு இரண்டே நாளில் நீலம் பாய்ந்தது. டெஸ்ட் கிட் காட்டாததை அது காட்டியது. கல்லும் மணலும் பிடித்து வைத்த செம்பு மெல்லத்தான் வெளியே வரும், அவசரப்பட்டுப் புதுக் கோரல் வாங்காதீர்கள். ஒரு நத்தையை விட்டுப் பாருங்கள். எனக்கு மூன்றாவது நத்தைதான் பிழைத்தது.

எல்லாக் கோரல் சாவுக்கும் செம்புதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் நத்தைகள் நன்றாக இருந்தால் முதலில் உப்பைப் பாருங்கள். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதாது, 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) திரவத்தில் சரிபார்க்க வேண்டும். லெதரும் மற்றவையும் நெருக்கமாக இருந்தால் ஒன்றையொன்று ரசாயனத்தால் தாக்கும், அதற்கு ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு மாற்றிக்கொண்டே இருங்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாகப் பூஜ்யமாக இருந்தாலும் சாஃப்ட் கோரல் பட்டினியில் வாடும். ஸோவாந்தஸ் என்ற பட்டன் போன்ற கோரல் செத்த கல்லைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், வெந்நீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், அதன் விஷம் ஆவியோடு வந்தாலும் ஆளைச் சாய்க்கும்.

கடலைக் கொள்ளையடித்து வீட்டில் வைக்கிறீர்கள் என்று யாராவது சொல்வார்கள். நான் பிறந்த கரையில் பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்கு எரித்த காலம் ஒன்று இருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவானது எதற்கென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கல் பவளங்கள் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, என்னிடம் ஒன்றுகூட இல்லை. இருப்பவை நண்பர்களின் டேங்கில் வெட்டி வளர்த்த சாஃப்ட் கோரல் துண்டுகள். வாங்கும்போது நீங்களும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்று இரவே ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு, தண்ணீர் வரும் வழியைக் குழாயிலிருந்து டேங்க் வரை பாருங்கள். ஃப்ளோட் வால்வு, நிப்பிள், ஹோஸ் கிளிப், பம்ப் காந்தத்தின் உறை. பச்சையோ துருவோ தெரிந்தால் அந்தத் தண்ணீரை நாளைக்கு ஊற்றாதீர்கள்.