கடனட்டையை எடுக்குமுன் அலுமாரியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபா. அதில் மாதம் 9,000 ரூபா வரை உடுப்புக்கே போய்விடுகிறது. அப்படியும் காலையில் உடுத்த ஒன்றுமில்லை என்றே தோன்றுகிறது. ஆறு வாரத்தில் பண்டாரவளையில் சித்தி மகளின் கல்யாணம், பின்னாலேயே தீபாவளி. கடனட்டையில் 40,000 ரூபாவுக்குத் துணி எடுத்து மெல்ல மெல்லக் கட்டலாமா? என்னிடம் நான்கு பருத்திக் குர்தா, ஒரு வெள்ளைச் சட்டை, இரண்டு ஜீன்ஸ், ஒரு கோர்டுரோய் பாவாடை, இரண்டு சுவெட்டர், ஒரு கம்பளிச் சால்வை, ஒரே தடவை போட்ட சாட்டின் மேற்சட்டை, அம்மாவின் பச்சைப் பட்டுச்சாறி ஆகியவை இருக்கின்றன.

பதில்: வேண்டாம், சகோதரி. ஆண்டு வட்டி 24 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், 40,000 ரூபாவுக்கு முதல் மாத வட்டியே 800 ரூபா. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் வாங்கிய கடன் மெதுவாகத்தான் கரையும். துணி அதற்குள் வெளுத்துவிடும்.

உங்கள் பட்டியலை இரண்டு தடவை படித்தேன். உடுப்புக்குப் பஞ்சமில்லை. பருத்திக்குப் பருத்தியையே சேர்த்து, குளிருக்கு மேலே ஒரு சுவெட்டரை மாட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாம் ஒரே தன்மையுள்ள துணியாக இருந்தால், நிறம் மாறினாலும் கண்ணுக்கு நேற்றைய உடுப்பாகவே படும். வழவழப்பான துணி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது; கம்பளியும் கோர்டுரோயும் அதை உள்வாங்கிக்கொள்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றை மற்றொன்று எடுத்துக்காட்டும்.

கோர்டுரோய் பாவாடைக்கு வெள்ளைப் பருத்திச் சட்டை, அதன்மேல் மெல்லிய சுவெட்டர். ஜீன்ஸுக்கு அந்தச் சாட்டின் மேற்சட்டை, தோளில் கம்பளிச் சால்வை. சாட்டினுக்கு நீங்கள் 4,500 ரூபா கொடுத்திருந்தால், ஒரு தடவை உடுத்தியதற்கு விலை 4,500. முப்பது தடவை உடுத்தினால் தடவைக்கு 150தான். நீல ஜீன்ஸ், நீலக் குர்தா, நீலச் சுவெட்டர் என்று ஒரே நிறத்திலும் போகலாம். நெய்வு வேறுபடுவதால் சீருடை போலத் தெரியாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் காலைக் குளிருக்கு உடம்பை ஒட்டிப் பருத்தி, அதன்மேல் கம்பளி என்ற அடுக்கு நன்றாகப் பொருந்தும். வெயில் ஏறினால் மேலுள்ளதைக் கழற்றிவிடலாம்.

கல்யாணத்துக்கு அம்மாவின் பட்டையே உடுத்துங்கள். புதுச்சாறி வாங்க நினைத்த பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, கறுப்பு வெல்வெட்டில் ரவிக்கை மட்டும் தைத்துக்கொள்ளுங்கள். பட்டின் பளபளப்புக்கு வெல்வெட்டின் ஆழம் அவ்வளவு அழகாக இருக்கும். மழைக்கால ஈரத்தில் பட்டில் பூஞ்சணம் பிடிக்கும். உடுத்திய பின் நிழலில் காற்றாட விட்டு, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

இனி மாதம் 2,000 ரூபா உடுப்புக்குப் போதும். மீதி 7,000 சம்பளம் வந்த அன்றே தனிச் சேமிப்புக் கணக்குக்குப் போகட்டும். ஒரு வருடத்தில் 84,000 ரூபா சேரும். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டபோது, கையிருப்பு இல்லாத குடும்பங்கள் காதுத்தோட்டை அடகு வைத்து அரிசி வாங்கியதைப் பார்த்தவன் நான். உங்கள் வீட்டுக்கு அந்த நிலை வரக்கூடாது.

ரவிக்கைத் துணியை இந்த வாரமே தையற்கடையில் கொடுத்துவிடுங்கள். தீபாவளி நெருங்கினால் புதுத் துணியைக் கையிலேயே வாங்கமாட்டார்கள்.