இலங்கையின் கிழக்குக் கரையில் வாகரைப் பக்கம் வாழும் வேடர் என்ற பழங்குடியினருக்குத் தனித் தேசம் என்ற சட்ட அந்தஸ்து உண்டா?

இல்லை. ஆனால் வேறு நாடுகளில் அப்படி உண்டு: அமெரிக்காவில் 1831 செரோக்கி வழக்கிலேயே பழங்குடிகளை 'உள்நாட்டுச் சார்புத் தேசங்கள்' என்றது உச்ச நீதிமன்றம். அதனால்தான் அங்கே பழங்குடி அரசுகளுக்குச் சொந்த நீதிமன்றமும் பொலிசும் இருக்கின்றன. கனடா 1982 அரசியலமைப்பில் தன் பழங்குடிகளின் உரிமைகளை ஏற்றது.

ஐ.நா. பழங்குடிகள் பிரகடனத்துக்கு 2007இல் இலங்கை ஆதரவாக வாக்களித்தது. அமெரிக்காவும் கனடாவும் எதிர்த்தன, பிறகுதான் மனம் மாறின! ஆனால் பிரகடனம் சட்டமாகக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தக்கூடிய, பழங்குடிகள் பற்றிய ஐ.எல்.ஓ. (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) 169ஆம் உடன்படிக்கையில் இலங்கை இன்னும் சேரவில்லை.

உள்நாட்டுப் பகுதியான தம்பானையின் வேடர்களுடைய காடு 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்காவானது; அவர்களையாவது நாடறியும். வாகரைப் பக்கத்து வேடர்கள் தமிழ் பேசி, களப்பில் மீன்பிடித்து, தங்கள் தெய்வங்களுக்குச் சடங்கு செய்பவர்கள். பதிவேட்டில் பெரும்பாலும் 'தமிழர்' என்றே போய்விடுகிறது. என் பார்வையில், தேசம் என்ற பேச்சுக்கு முன்னரே அவர்களுக்குத் தேவை காணி உறுதியும் களப்பில் மீன்பிடி உரிமையும்தான்.