லீன் முறை கார் ஃபேக்டரிக்கு மட்டும்தானா? ஆப் செய்பவர்களுக்கும் சொந்த வேலைக்கும் உதவுமா?

உதவும். லீன் என்றால் தேவையானதை, தேவைப்படும்போது, தேவையான அளவு மட்டும் செய்து, கோளாறு தெரிந்தால் உடனே நிறுத்தி, வீணாவதைக் குறைப்பது. ஒரே நேரத்தில் ஏழெட்டு வேலையைத் தொடங்கிவிட்டு எதையும் முடிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்குத்தான் இது முதலில் உதவும். ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் கேள்வியில் இருக்கும் 'கார் ஃபேக்டரி' என்ற சொல். இந்தச் சிந்தனையின் வேர் தறியில் இருக்கிறது. நான் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் விசைத்தறி வீட்டில் பிறந்தவன், இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

ஜப்பானின் சகிச்சி டொயோடா 1924ல் கொண்டுவந்த ஜி வகைத் தானியங்கித் தறியில் பாவு நூல் (நீளவாக்கில் ஓடும் நூல்) ஒன்று அறுந்தாலும் தறி தானாக நின்றுவிடும். 1929ல் அந்தத் தறியின் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார்கள். அவர் மகன் கிச்சிரோ தொடங்கிய கார் கம்பெனியான டொயோட்டா 1937ல்தான் தனி நிறுவனமாக வந்தது. டொயோட்டாவின் உற்பத்தி முறையைக் கட்டிய தாய்ச்சி ஓனோவும் 1932ல் வேலைக்குச் சேர்ந்தது அவர்களுடைய நெசவு ஆலையில், கார் பக்கம் வந்தது 1943ல். அந்த முறைக்கு 'லீன்' என்ற பெயரோ 1988ல் ஜான் கிராஃப்சிக் எழுதிய கட்டுரையில் வந்தது.

எங்கள் வீட்டு நாலு தறியிலும் அந்த வசதி கிடையாது. நைனாவின் (அப்பாவின்) காதுதான் வசதி. சத்தத்தில் சின்ன மாற்றம் கேட்டால் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்து போய் தறியை நிறுத்துவார். "ஒரு நூலுதானேன்னு உட்டா பீஸே போச்சுடா" என்பார். அறுந்த நூலோடு ஓடினால் துணி நெடுக ஒரு கோடு விழும், நூல் கொடுத்த முதலாளி கூலியில் பிடித்துக்கொள்வார். இருபது வருடம் இதைப் பார்த்து வளர்ந்த நானே என் சொந்த வேலையில் இதைச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வலிக்கிற விஷயம்.

சென்னையில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்து, கூலி நெசவு செய்பவர்களுக்காகக் கணக்கு ஆப் ஒன்று தொடங்கினேன். கூலி, முன்பணம், நூல் வரவு, துணி ஒப்படைப்பு, மாத அறிக்கை, தமிழ், தெலுங்கு என்றெல்லாம் ஒன்பது வசதி, பதினோரு மாதம். நடுவில் பலமுறை 'இது யாருக்கு வேண்டும்' என்ற சந்தேகம் வந்தது, வந்தும் நிறுத்தாமல் ஓட்டினேன். முடித்துவிட்டு பொதட்டூர்பேட்டையில் இருக்கும் மாமாவிடம் காட்டினால், அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நூலு எவ்ளோ பாக்கி இருக்குதுன்னு மட்டும் சொல்லுப்பா, மத்ததெல்லாம் எனக்கு மனசுலயே நிக்குது" என்றார். மீதி எட்டும் நான் ஊகித்துச் செய்தவை. விற்காத துணி பரணில் கிடந்தால் தினமும் கண்ணில் படும், முதலீடு முடங்கிக் கிடப்பது தெரியும். யாருக்கும் வேண்டாத புரோகிராம் அப்படிக் கண்ணில் படாது, அதனால்தான் பதினோரு மாதம் போனது.

அப்புறம் மூன்று வாரம் ஒரு வரிகூட எழுதவில்லை. மாமா தினமும் சாயந்திரம் நூல், துணி எடையை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார், நான் நோட்டில் கணக்குப் போட்டு பாக்கி நூலைச் சொல்வேன். கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. கஞ்சி போட்ட பாவு எடை கூடும், நெய்யும்போது விழும் கழிவு கணக்கில் வராது, முதலாளிக்கும் நெசவாளிக்கும் வரும் சண்டையில் பாதி இந்த இரண்டு எடையில்தான் என்று அந்த நோட்டில்தான் புரிந்தது. பிறகு இந்த ஒன்றை மட்டும் செய்ய எட்டு நாள் போதுமாக இருந்தது.

சொந்த வேலைக்கு வருகிறேன். 1961ல் ஜான் லிட்டில் நிரூபித்த எளிய கணக்கு ஒன்று உண்டு: கையில் கிடக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, வாரத்துக்கு எத்தனை முடிக்கிறோமோ அதால் வகுத்தால் ஒரு வேலை முடிய சராசரியாக எத்தனை வாரம் ஆகும் என்று வரும். வாரம் 2 முடிப்பவர் 12ஐத் தொடங்கி வைத்திருந்தால் ஒவ்வொன்றும் 6 வாரம் இழுக்கும். 4 மட்டும் வைத்திருந்தால் 2 வாரம். அதே ஆள், அதே உழைப்பு.

வீட்டுத் தறியை டொயோட்டாவோடு ஒப்பிடுகிறான் என்று சிலர் வருவார்கள், வரட்டும். ஆட்குறைப்புக்கு லீன் என்ற பெயரைப் பயன்படுத்திய கம்பெனியில் நானும் இருந்தேன், சுவர் முழுக்க வேலைகளை எழுதிய மஞ்சள் சீட்டு ஒட்டினார்கள், ஆறே மாதத்தில் பக்கத்து நாற்காலிகள் காலியாயின. அதை நான் ஆதரிக்கவில்லை, எனக்குத் தெரிந்த லீன் அது இல்லை.

இன்னொன்றையும் இறக்கி வைத்துவிடுகிறேன். 1960ல் எல்லை மாறியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். தமிழ் வழியில் படித்த எனக்குப் பாடப்புத்தகம் பல வருடம் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதுதான் கைக்கு வந்தது. அதுவரை பள்ளிப்பட்டு அத்தை வீட்டிலிருந்து அந்தப் பக்கத்துப் பழைய புத்தகத்தை வாங்கிப் படிப்பேன், பாடமே வேறு. தேவைப்படும்போது கைக்கு வராத பொருளால் ஒரு பையனுக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: தொடங்கிக் கிடக்கும் எல்லாவற்றையும் இன்றே ஒரு தாளில் எழுதுங்கள், மூன்றை வைத்துக்கொண்டு மற்றதற்குக் கோடு போடுங்கள், ஒன்று முடியாமல் புதிதாக ஒன்றை எடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு, அதை வாங்கப்போகும் ஆளிடம் போய்க் கேளுங்கள். என் மூன்றும் தறிக்கூடச் சுவரில் சாக்பீஸில் இருக்கின்றன. ஆப்பின் தெலுங்குப் பக்கம் நாலாவதாகக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. மாமாவுக்கு அது தேவையில்லை, நகரியில் தெலுங்கு பேசும் முதலாளி யாராவது கேட்கும் அன்று உள்ளே எடுப்பேன்.