விபத்து வழக்கில் மனப்பாதிப்பைக் கூட்டிச் சொல்கிறார்களா என்று எப்படி அறிவது?

வாகன விபத்து இழப்பீட்டு வழக்கில், மனப்பாதிப்பை மிகைப்படுத்துபவரை எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசித்துக்கொண்டு, இத்தகைய வழக்குகளுக்குப் பரிசோதனை அறிக்கை எழுதும் உளவியலாளன் என்ற முறையில் சொல்கிறேன்.

முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நம்புபவர்கள் (வக்கீல்களில் பலர் அப்படித்தான்) பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். இழப்பீடு கேட்பவர் சொல்லும் அறிகுறிகள் ஒன்றோடொன்றும், அவருடைய அன்றாட வாழ்க்கையோடும் பொருந்துகின்றனவா என்பதே முதல் கேள்வி. கஞ்சிக்கோட்டில் லாரி மோதியதிலிருந்து சாலைப் பக்கமே போக முடியவில்லை என்று மனுவில் எழுதியவர், வாளையார் வழியாகத் தினமும் கோவைக்கு பைக்கில் வேலைக்குப் போய்வருகிறார் என்றால், அதற்கு விளக்கம் கேட்கத்தான் வேண்டும்.

எதுவுமே நினைவில் நிற்பதில்லை என்பவருக்கு 50 படங்களைக் காட்டி, பிறகு ஒவ்வொன்றையும் புதிய படம் ஒன்றோடு சேர்த்து வைத்து, முன்பு பார்த்தது எது என்று கேட்கும் சோதனை உண்டு. குத்துமதிப்பாகச் சொன்னாலே ஏறத்தாழ 25 சரியாக அமைந்துவிடும்; 12 மட்டுமே சரி என்றால், விடை தெரிந்தே தவிர்த்திருக்கிறார் என்ற ஐயம் வலுக்கிறது.

என்னென்ன அறிகுறிகள் உண்டு என்று கேட்கும் வினாத்தாள்களில்தான், கேரள-தமிழ்நாட்டு எல்லையான எங்கள் பகுதியில் மிகுந்த கவனம் தேவை. கேட்ட அறிகுறிக்கெல்லாம் 'ஆமாம்' என்பது மிகைப்படுத்தலின் அடையாளமாகக் கருதப்படுகிறது. ஆனால் வீட்டில் தமிழ் மட்டுமே பேசுபவரிடம் மலையாளத்தில் அச்சிட்ட தாளை நீட்டினால், பாதி புரியாமலே அனைத்துக்கும் 'ஆமாம்' என்று குறித்துவிடுவார். ஆகவே நான் தமிழில் வாசித்துக் காட்டி, ஒவ்வொரு 'ஆமாமு'க்கும் ஓர் எடுத்துக்காட்டுக் கேட்கிறேன். கெட்ட கனவு வருகிறது என்று குறித்திருந்த ஓர் ஓட்டுநர், "ஆமாங்க சார், செத்துப்போன அம்மா வர்றாங்க" என்றார். அது விபத்தின் கணக்கில் சேராது, பொய்யும் ஆகாது.

உண்மையாகவே பாதிக்கப்பட்டவரும், நம்பமாட்டார்களோ என்ற அச்சத்தில் சற்றுக் கூட்டிச் சொல்வதுண்டு. எனவே 'நடிக்கிறார்' என்ற சொல்லை நான் அறிக்கையில் எழுதுவதில்லை. எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நிபுணர் சொல்வது கருத்து மட்டுமே, முடிவு தீர்ப்பாயத்தினுடையது. நீங்கள் எந்தத் தரப்பில் இருந்தாலும், விபத்துக்கு முந்தைய சிகிச்சைக் குறிப்புகள், வேலைக்குப் போன வருகைப் பதிவு, மாத்திரை வாங்கிய ரசீதுகள் ஆகியவற்றைப் பரிசோதனைக்கு முன்பே உளவியலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.